மரச்சட்டக் காரில் பெண் பார்க்கப் போனது

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு பள்ளி மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். திடீரென்று தூறல். கூரையில்லாத ஒரு வண்டியின் சொந்தக்காரர் அதன்மேல் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். பெட்ரோலும் நனைந்த தோல் சீட்டும் கலந்த வாசனை. உங்களுக்கு அது வெறும் நாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படியில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய பயம் அது. கூடவே, அந்தப் பயம் தீர்ந்த சுகமும்.

அப்போது நான் தி. நகரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ராயப்பேட்டையில் அறை. என் சிநேகிதன் சந்துருவின் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். அவன் அப்பா நீலகிரியில் தேயிலைத் தோட்ட மானேஜராக இருந்தவர். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் எப்போதோ அவர் வாங்கிய இரண்டு சீட்டுக் கார் ஷெட்டில் நின்றது. இங்கிலாந்தில் கையாலேயே கட்டிய வண்டி. அடியில் இரும்பு, அதன்மேல் மரச்சட்டம், மரத்தின்மேல் ஆள் உட்கார்ந்து தட்டி வளைத்த தகடு. பானெட்டைப் பள்ளிக்கூடப் பை மாதிரித் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். பால்கோவா நிறம். கதவுக்கு வெளியே கையை நன்றாகத் தொங்கவிட்டால் விரல் தார்ரோட்டைத் தொட்டுவிடும்.

ஞாயிறு காலையில் அந்த ஷெட்டில் நாலைந்து பேர் கூடுவார்கள். அதில் ஒரு பல் டாக்டர். ஒரே ஒரு போல்ட்டுக்காக இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிவிட்டு நாலு மாதம் காத்திருந்தவர். வந்த அன்று அதைப் பிரசாதம்போல் ஆளுக்கு ஆள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தினால் தகரச் சத்தமா வருகிறது, வீட்டுக் கதவுச் சத்தமல்லவா என்று டாக்டர் கண்ணை மூடிக்கொள்வார். மழையில் ஒழுகும், குழியில் இறங்கினால் முதுகு பெயர்ந்துவிடும். அதையெல்லாம் செல்லப் பிள்ளையின் குறும்பைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். நான் போனது சந்துருவின் அம்மா சுடும் அடைக்காக. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த வருஷம்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். அப்பா இல்லாததால் சித்தப்பா முன்னின்று பேசினார். ஆதம்பாக்கத்தில் ஒரு குடும்பம்; பெண்ணின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பெயர் மாலதி. போட்டோ எடுத்தவர் சிரிக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். அந்தப் போட்டோவைப் பம்புசெட் விலைப்பட்டியலுக்குள் வைத்துக்கொண்டு வேலூர், ஆரணி என்று சுற்றினேன்.

போவதற்கு நாலு நாள் முன்னால்தான், மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருப்பதாகப் பெண் வீட்டில் சொல்லிவைத்திருப்பதைச் சித்தப்பா போகிறபோக்கில் சொன்னார். நான் பதறினேன். சந்துருவிடம் கேட்டு வாங்கிக்கொள், ஒரு நாள்தானே என்றார். சந்துரு சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, பழக்கம் இல்லை. இரண்டு நாள் விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓட்டவைத்தான். நான் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி கத்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், பாவம்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா பின்னால் ஆட்டோவில். கிண்டி தாண்டியதும் மழை பிடித்தது. கூரைத் துணியை எப்படி மாட்டுவது என்று கேட்டுவைக்க மறந்திருந்தேன். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "இதுக்கு ஆட்டோவே மேலுடா" என்றாள். பெண் வீட்டுத் தெருமுனையில் தேங்கிய தண்ணீரில் கியரை மாற்றினேன். வண்டி ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோனது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, தள்ளணுமா?" என்றார். தள்ளிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தோம்.

குடையோடு வாசலில் நின்ற மாலதியின் அப்பா எங்களுக்கு முன்னால் வண்டியைத்தான் பார்த்தார். அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, குடையை என் கையில் கொடுத்து, பானெட்டின் வாரை அவிழ்த்தார். எங்கே எது என்று தேடவே இல்லை. உள்ளே ஒரு மூடியைக் கழற்றி, வேட்டி நுனியால் ஈரத்தைத் துடைத்து மாட்டினார். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். உடனே கிளம்பியது. வெள்ளை வேட்டியில் கிரீஸ் கறையோடு அவர் சின்னப் பிள்ளைபோலப் பூரித்து நின்றதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்த மனிதரிடமா பொய் சொல்வது?

உள்ளே பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. மாலதி வந்து கும்பிட்டாள். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும், போட்டோவில் இருந்த அதே முகத்தோடு திரும்பிப் போனாள். சித்தப்பா காரின் பெருமையை ஆரம்பித்தார். நான் கேசரியைத் தொடவே இல்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"சார், அந்தக் கார் என்னுது இல்ல. சிநேகிதனோடது. இன்னிக்கு மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

சித்தப்பா என் தொடையைக் கிள்ளினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இடம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"அப்பாடா" என்றார் மாலதியின் அப்பா. நெஞ்சில் கைவைத்து நாற்காலியில் சாய்ந்தேவிட்டார்.

"ராஜா அண்ணாமலைபுரத்து வண்டிதானே அது. பட்டறைக்கு லீவு போட்டுட்டு, அது போற வழியில நின்னு பாத்திருக்கேன். ஒரு தடவ உள்ள கூப்பிட்டு மரச்சட்டத்தத் தொட்டுக்கூடப் பாக்க விட்டாங்க. முனையில நீங்க கியர் போட்டது இங்க கேட்டுச்சு, தம்பி. ஐயோ, இவருக்கா வித்துட்டாங்கன்னு எனக்கு உசுரே போயிடுச்சு."

சமையலறைக்குள் சிரிப்பு வெடித்தது. மாலதிதான். சித்தப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். நான் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவ்வளவு ருசியான கேசரியைப் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஷெட்டுக்கு வந்து, பல் டாக்டரோடு கார்புரேட்டரைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினார். புதிதில் ஒரு முறை சந்துரு வண்டியை எனக்குக் கொடுத்தான், மாமனார் வேண்டாம் என்று சொல்லியும். கடற்கரைச் சாலையில் மாலதியோடு போனேன். காற்றிலும் எஞ்சின் இரைச்சலிலும் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். எங்கப்பாவோடு நின்று நானும் இந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன் என்று கத்தினாள். "அன்னிக்கு நீங்க உண்மையச் சொல்லாம போயிருந்தா, நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

சந்துரு குடும்பம் பிறகு வெளிநாடு போயிற்று. வண்டி கோயம்புத்தூரில் ஒருவருக்குப் போனது. ஓட்டத் தெரிந்தவர்தானா என்று மாமனார் நேரில் போய்ப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார். இப்போது அவர் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எங்களிடமும் ஒரு கார் உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் மழை பெய்வதே தெரியாது. மாலதி முணுமுணுத்தாலும் கேட்கிறது. அவள் என்னிடம் ஒன்றைக் கத்திச் சொல்லித்தான் எத்தனையோ வருஷமாகிறது.