பார்லர் தரையில் வந்த வட்டம்

கீரனூரில் வீடு கட்டியபோது முன் அறையை என் பியூட்டி பார்லருக்கு என்று ஒதுக்கினோம். கணவருக்குத் திருச்சியில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். அதனால் கட்டட வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததும், எதற்கு என்ன போடுவது என்று முடிவு செய்ததும் பெரும்பாலும் நான்தான்.

தரை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்கு முன் வாடகைக்கு எடுத்திருந்த கடையில் டைல்ஸ் போட்டிருந்தார்கள். டைல்ஸ் சேரும் கோடுகளில் வெட்டிய முடி போய் ஒட்டிக்கொள்ளும். ஹேர் டை ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தக் கோடு கறுத்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாயங்காலம் கடையைச் சாத்தும் முன் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு உட்காருவேன். புது வீட்டில் அந்த வேலையே இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

டிசைன் கான்கிரீட் தரை போடும் கான்ட்ராக்டர் ஒருவர் திருச்சியிலிருந்து வந்தார். செல்போனில் படம் படமாகக் காட்டினார். வீடுகள், ஓட்டல்கள், துணிக்கடைகள்.

"ஒரே துண்டுங்க மேடம். கோடே இருக்காது. கூட்டி விட்டா முடி ஒண்ணு தங்காது. சக்கரம் வச்ச சேரை இங்கிட்டுத் தள்ளுனா அங்கிட்டுப் போய் நிக்கும். வெயில் காலத்துல காலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். மேல பூசுற கோட்டிங்கை மட்டும் அப்பப்ப புதுசாப் போட்டுக்கிட்டா தரை ஒங்க பிள்ளைக காலத்துக்கும் இருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இவ்வளவு செலவு பண்ணி வீடு கட்டிவிட்டு மறுபடியும் சிமெண்ட் தரையா என்று கேட்டார்கள். ஆனால் கான்ட்ராக்டர் கம்பி வலை விரித்து, கான்கிரீட் ஊற்றி, பளபளவென்று தேய்த்து, அதன் மேல் சாயத்தைத் தெளித்தபோது அவர்களும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். சாயம் சிமெண்ட்டோடு சேர்ந்து தானாக நிறம் மாறியது. ஓரிடத்தில் புளியங்கொட்டை நிறம், ஓரிடத்தில் தேன் நிறம். மழை மேகத்தைத் தரையில் விரித்த மாதிரி இருந்தது. இதே மாதிரி இன்னொரு தரையை அவராலேயே போட முடியாதாம். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

கோடை முழுவதும் அந்தத் தரை சொன்னபடி இருந்தது. ஒரு தடவை துடைத்தால் போதும். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு நின்று பார்த்தார்கள். டூத் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் பார்லர் கதவைத் திறந்தபோது தரையின் நடுவில் ஒரு வட்டம் தெரிந்தது.

தண்ணீர் சிந்தியது போல இல்லை. சிந்திய தண்ணீர் இப்படி ஒழுங்காக நிற்காது. ஒரு ஆள் கை கால் நீட்டிப் படுத்தால் உள்ளே அடங்கிவிடும், அவ்வளவு பெரிய வட்டம். உள்ளே இருந்த நிறம் மட்டும் கறுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஈரம் ஒட்டவில்லை, ஆனால் சில்லென்று இருந்தது. சுற்றியிருந்த தரை அப்படி இல்லை.

மத்தியானம் அது மறைந்தது. மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே அளவில் மறுபடியும் வந்தது.

கணவரிடம் காட்டினேன். "மழை ஈரம்தான். வேற என்ன?" என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனதைக் கவனித்தேன்.

சுவரில் பெரிய கண்ணாடி வைத்திருந்தேன். அதில் பார்க்கும்போதுதான் வட்டம் எனக்கு அதிகம் உறுத்தியது. நேரே பார்த்தால் அது தரையில் இருக்கும் கறை. கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், திறந்த வாய் மாதிரி தெரியும். நான் சேரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி புருவம் எடுக்க வந்திருந்தாள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"அக்கா, கீழ ஏதோ விழுகுது."

"எங்க கீழ?"

"தரைக்குக் கீழக்கா. கல்லு மாதிரி. கேக்கல ஒங்களுக்கு?"

எனக்குக் கேட்கவில்லை. நூலை விட்டுவிட்டு நின்றேன். மழை ஓய்ந்திருந்தது, ரோட்டில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பிறகு எனக்கும் கேட்டது. மெல்ல, ஆழத்தில், ஏதோ ஒன்று உருண்டு எதிலோ போய்த் தட்டியது. அந்தப் பெண் ஒரு புருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதே வாரத்தில்தான் ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், தலைக்கு டை அடிக்க வேண்டும் என்றார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு வட்டத்தை மிதிக்காமல், சுவரோடு ஒட்டிச் சுற்றி வந்து உட்கார்ந்தார். அன்று வெயில் அடித்திருந்தது. வட்டம் தெரியவே இல்லை.

"ஏன்க்கா இப்படிச் சுத்தி வர்றீங்க?" என்று கேட்டேன்.

"கெணறும்மா. இங்கனதான இருந்துச்சு," என்றார். "இது எங்க வீட்டு எடம். ஒங்களுக்குச் சொல்லலையா?"

இடத்தை விற்றவர் சொல்லவில்லை. அவர் கை மாறி வாங்கியவர், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். நாங்கள் பார்த்தபோது அது வெறும் பொட்டல்.

டை காயும் வரை அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு அக்கா. காலையில் தண்ணீர் இறைக்கப் போனவள் திரும்பவில்லை, கிணற்றிலிருந்து உடலைத்தான் எடுத்தார்கள். விழுந்தாளா, குதித்தாளா என்று வீட்டில் யாரும் வாய் விட்டுப் பேசியதில்லை. அப்பா கிணற்றை மூட ஆள் வைத்தார். பிறகு வீட்டையும் இடித்து விற்றுவிட்டார்கள்.

"நான் அப்ப சின்னப் பிள்ளை. அடுப்படியில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பதிலே இல்ல," என்றார்.

கான்ட்ராக்டரை வரச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் வந்தார். ஒரு கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று வந்த சத்தம் வட்டத்துக்குள் போனதும் டொம் என்று மாறியது. அவர் சிரிப்பு நின்றது. நடுவில் சிறியதாக ஓர் ஓட்டை போட்டார். அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஈரப் பாறையின் வாசனை. நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி உள்ளே விட்டார். கையில் இருந்த நூல் முழுவதும் போயிற்று, எதிலும் தட்டவில்லை.

"கெணத்து வாயில மரத்த குறுக்கப் போட்டு மேல மண்ணத் தள்ளியிருக்காங்க மேடம். மரம் மக்கிப்போயி மண்ணு எறங்கிருச்சு," என்றார். முகம் வியர்த்திருந்தது. "கம்பி வல போட்டு ஒரே துண்டா ஊத்துனதால பாலம் மாதிரி தாங்கி நிக்குது. டைல்ஸா இருந்தா ஒரு நாளைக்கு சேரோட உள்ள போயிருப்பீங்க."

இவ்வளவு நாளும் அதன் மேல் நின்றுதான் நான் முடி வெட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு நாங்கள் மாமியார் வீட்டில் போய்ப் படுத்தோம்.

தரையை அறுத்துத் திறக்கிற அன்று அந்த அம்மாளுக்குப் போன் பண்ணினேன். அம்மாள் வந்தார். ஆட்கள் அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். குனிந்து உள்ளே பார்த்தார். கறுப்பைத் தவிர எதுவும் தெரியவில்லையாம்.

"அக்கா," என்று கூப்பிட்டார்.

நான் அந்த நேரம் பின்கட்டில் ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அக்கா என்றால் எல்லோருக்கும் நான்தான். யோசிக்காமல் குரல் கொடுத்தேன்.

"ஆங், இந்தா வாரேன்!"

முன் அறைக்கு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"கெணத்தடியில நின்னு இதத்தாம்மா சொல்லுவா," என்றார். "ஆங், இந்தா வாரேன்னு. இதே மாதிரி."

டீயைக் கொடுத்தேன். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "மூடுங்கப்பா," என்றார்.

கல்லும் மணலும் வண்டி வண்டியாக உள்ளே போயின. தண்ணீர் விட்டு விட்டு இறுக்கினார்கள். மேலே மறுபடியும் கம்பி கட்டி கான்கிரீட் போட்டார்கள். நிறம் பழையதோடு சேராது என்பதால் கான்ட்ராக்டரே ஒரு யோசனை சொன்னார். வெட்டிய இடத்தை வட்டமாகவே விட்டு, வேறு நிறம் கொடுத்து, டிசைன் மாதிரி ஆக்கிவிடலாம் என்றார். நான் தேன் நிறம் கேட்டேன். புதிதாக வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த மழையில் ஈரம் வரவில்லை, சத்தமும் இல்லை. அந்த அம்மாள் மாதம் ஒரு தடவை டை அடிக்க வருகிறார். கல்யாணத்தைப் பற்றி, மருமகளைப் பற்றிப் பேசுகிறார். கிணற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

போன மாதம் மேல் கோட்டிங்கைப் புதுப்பிக்க கான்ட்ராக்டர் வந்தார். வாசல் பக்கமும் சேரைச் சுற்றியும் கால் பட்டுப் பட்டு மங்கிப்போயிருந்தது. வட்டத்தின் அருகில் வந்ததும் குனிந்து கையால் தடவினார்.

"இங்க வேண்டியதில்ல மேடம். நேத்துப் போட்ட மாதிரி இருக்கு. யாரும் மிதிக்கிறதில்லையா?"

யாரிடமும் நான் எதுவும் சொன்னதில்லை. தடுப்பு எதுவும் வைத்ததில்லை. வாசலிலிருந்து சேருக்கு வர நேர் வழி அதன் மேல்தான்.

"அங்கயும் ஒரு கோட்டிங் போட்டுருங்க," என்றேன்.