பதினொரு சதுப்புகளும் அர்மாஸின் வாயும்

அர்மாஸ் நூலக வண்டி ஓட்டுகிறவன். வாரத்துக்கு முப்பத்தொரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் என்று அட்டவணை சொல்லும். அர்மாஸ் போனால் அது நாற்பது ஆகும். புத்தகம் எடுக்க வந்தவர்கள் அதன் முடிவையும் அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். அதிகம் பேசாத வடக்குப் பனிநாட்டுக் காய்னூ பக்கத்து மனிதர்கள் ஒரு வாரம் பேசுவதை அவன் காலைக் காப்பிக்குள் பேசி முடித்துவிடுவான். மற்றபடி தங்கமான பிள்ளை. இருபத்திரண்டு பனிக்காலத்தில் வண்டியை ஒருமுறைகூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகியும் மாமியார் சைமி அவனுக்கு ஹில்லா என்ற பொன்னிறக் காட்டுப் பழம் விளையும் சதுப்பைக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தில் பழம் இருக்கும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஜூலை கடைசியில் அவளும் மகள் துலிக்கியும் வாளிகளோடு கிளம்புவார்கள். அர்மாஸ் வீட்டிலேயே இருந்து ஜாடிகளைக் கழுவி வைப்பான்.

இந்த வருஷம் துலிக்கிக்குக் கணுக்கால் உடைந்தது. எழுபத்து நாலு வயதில் சைமியால் தனியாகச் சுமக்க முடியாது. சனிக்கிழமை வேறு வழியில்லாமல் மருமகனைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கொக்குச் சதுப்பு; வளைந்த பைன் மரத்துக்குப் பின்னால். பழம் இன்னும் முழுசாகப் பழுக்கவில்லை.

"திங்கக்கிழமை பறிக்கலாம் மாப்பிள்ளை. அதுக்குள்ள உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை போச்சுன்னா ஊரே வந்து வழிச்சிட்டுப் போயிடும். அப்புறம் இந்த ஜென்மத்துல உங்களை எங்கயும் கூட்டிட்டு வர மாட்டேன்."

"வாயைத் தச்சுக்கிட்டேன் அத்தை."

ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும். பக்கத்துப் பண்ணைக் கவுகோ சாதாரணமாகத்தான் கேட்டார்: "என்னப்பா அர்மாஸ், இந்த வருஷம் ஹில்லா எப்படி?"

அர்மாஸ் கோப்பைக்குள் பார்த்தான். ஒரு நிமிடம் போயிற்று. மேசையில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி?" என்றாள் இம்பி அக்கா, கவலையோடு.

"உடம்பெல்லாம் கல்லு மாதிரிதான் இருக்கு," என்றார் கவுகோ. "மாமியார் இடத்தைக் காட்டிட்டாங்க! டேய், கிழக்கா மேற்கா மட்டும் சொல்லு, மீதிய நாங்க பாத்துக்கறோம்."

மேசையே சிரித்தது. அடுத்த மேசையில் சைமியின் கை கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. பேசாமல் இருந்தே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அர்மாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே வாயைத் திறந்தான்.

"காட்டினாங்க, காட்டினாங்க! கரடிச் சதுப்புல முழங்கால் அளவு தண்ணி. பேய்ச் சதுப்புல கொசு ஆளையே தூக்குது. கொக்குச் சதுப்புல, அந்த வளைஞ்ச பைன் இருக்கே, அதுக்குப் பின்னாடி பாய் விரிச்ச மாதிரி..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது தெரிந்தது. ஆனால் அங்கே நிறுத்தினால் தொலைந்தோம். நிறுத்தவில்லை. பதினொரு சதுப்பு, இரண்டு ஏரி, போன வருஷம் மான் குறுக்கே வந்தது, அந்த மானின் அம்மா எப்படி என்று இருபத்தைந்து நிமிடம் ஓட்டினான்.

கவுகோ காதைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். "போதும்டா சாமி! ஒண்ணு மட்டும் நிச்சயம், கொக்குச் சதுப்புல ஒண்ணும் இல்ல. மரத்துக்கு அடையாளமெல்லாம் சொல்றான் பாரு. நம்மளச் சேத்துல இறக்கிவிடப் பாக்குறான்."

திரும்பும் வழியில் அர்மாஸ்தான் வண்டி ஓட்டினான். நாலு கிலோமீட்டர் தாண்டியதும் சைமி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "மாப்பிள்ளை, அந்த இடத்தை வேணும்னேதான் சொன்னீங்களா?"

நாக்கு நுனிவரை உண்மை வந்தது. அர்மாஸ் அதை விழுங்கிவிட்டு, கியரை மாற்றினான்.

"எமகாதகன்," என்றாள் சைமி. கொஞ்சம் மரியாதையாகவே சொன்னாள். "காலையில நாலு மணிக்குக் கிளம்பணும். பெரிய வாளியா எடுத்து வைங்க."