மிளகுக் களத்தில் காய்ந்த தரை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். என் வீட்டுக்குள், என் கையாலேயே, விஷப்புகை உண்டாக்கி, அதை முதல் ஆளாக முகர்ந்து பார்த்தவன் நான். இத்தனைக்கும் எங்கள் மலையில், பெரக்கரை நாட்டில், மருந்து டப்பாவில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்க நாலு பேர் என்னிடம்தான் வருவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மூக்குல துணி கட்டிக்கோணும், ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது" என்று வாத்தியார் தோரணையில் படித்துக் காட்டுவேன். ஊரார் டப்பாவையெல்லாம் படித்தவன் என் வீட்டு டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு சிமெண்டுத் தரை. தை மாதக் காலையில் அதில் கால் வைத்தால் உச்சந்தலை வரை ஏறும். சேலத்து ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியபின் அவள் பாதங்கள் இரண்டும் மரத்துப்போயின. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, குளிர் மட்டும் தெரியும் என்பது என்ன நியாயமோ. முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்தவள், கட்டிலிலிருந்து அடுப்படி போவதற்குள் நாலு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். "முள்ளு மேல நடக்கறாப்பல இருக்குதுங்க" என்றாள். நான் வழக்கம்போல ஒரு வேடிக்கை சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த சுற்றுக்கு அவளைக் கூட்டிப்போன கையோடு மகள் சிமெண்டின்மேல் விரிக்க வினைல் பலகைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். பார்த்தால் பலாப்பலகை, தொட்டால் பிளாஸ்டிக். பலாமரம் பார்க்கிற பக்கமெல்லாம் நிற்கிற மலைக்கு, பலாமரம் போல் இருக்கிற பிளாஸ்டிக்கை எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி லாரியில் ஏற்றி வந்தோம். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒன்றின் ஓரத்தில் இன்னொன்றைச் செருகித் தட்டினால் பூட்டிக்கொள்ளும். போட்டுக் கொடுத்த ஆள் கிளம்பும்போது சொன்னதை நான் மறக்கவில்லை, மறந்திருந்தால்கூட மன்னிப்புண்டு.

"ஏனுங்க, கூட்டிப்போட்டு, சோப்புத் தண்ணியில துணிய நனச்சு, நல்லாப் பிழிஞ்சு துடைங்க. கிருமிக்கு வேணும்னா ஏதாவது ஒரே ஒரு மருந்து, டப்பாவுல போட்டிருக்கற அளவுக்குத் தண்ணி கலந்து. தண்ணி மட்டும் ஊத்திப்போடாதீங்க."

"பிழிஞ்ச துணிக்கு அழுக்கு பயப்படுமா?" என்றேன் நான். அவர் சிரித்துவிட்டுப் போனார். என் வேடிக்கைக்குச் சிரிப்பவர்களாலேயே நான் கெட்டேன்.

மனைவி வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை ஒப்பித்தாள். "அம்மாவுக்கு இப்ப எதிர்ப்புச் சக்தியே இல்லீங்கப்பா. ஊட்டுல தூசி இருக்கக் கூடாது. பூசணம் ஆகவே ஆகாது. பத்து நாள்தான் உட்டிருக்காங்க, அப்புறம் மறுபடியும் ஊசிக்கு வரோணும்." பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: "என்ர ஊட்டுல என்ர கட்டல்ல படுத்தாப் போதும்னு சொல்லு கண்ணு." வார்டில் எத்தனை நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினேன். எங்கள் மலையில் பொங்கலுக்கு வீடு கழுவுவது என்றால் சாமான் எல்லாம் வெளியே வரும், குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே போகும், சீமாற்றால் தள்ளித் தள்ளி வாசலுக்கு ஓட்டுவோம். தண்ணீர் ஓடாத வீட்டை இங்கே யாரும் கழுவிய வீடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிழிந்த துணியால் தடவுவது நோஞ்சான் வேலை என்று எனக்கும் பட்டது. செம்மேட்டுக் கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்தேன். கை அளவுதான், என் கை பெரியது. ஆறு குடம் ஊற்றினேன். வாசலுக்கு வந்து சேர்ந்தது மூன்று குடம்கூட இருக்காது. நல்ல தரை, தாகமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கடவுள் சாட்சியாக அப்படித்தான் நினைத்தேன்.

காய்ந்ததும் பலகை முழுக்க வெள்ளைப் படலம். கோலமாவு கொட்டினது போல. குளியலறைத் தரையில் வெள்ளைக் கறை படிந்தால் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத்தான் ஊற்றுவேன், போய்விடும். இதற்கும் அதுதானே? வெளியே பனிமூட்டம், ஈரமும் தூசியும் உள்ளே வரக்கூடாதென்று ஜன்னலை எல்லாம் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்தேன்.

சத்தம் எதுவும் இல்லை. சுரீரென்று ஒரு நெடி. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து தலையை விட்டதுபோல, அதைவிட நூறு மடங்கு. தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்தார்கள். கண் எரிந்தது. இரண்டடி தூரத்தில் இருந்த கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தேன், அவள் நடந்த அதே சுவர். வாசலில் குப்புற விழுந்து இருமினேன்.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனர், அவளுடைய தம்பி, செம்மேட்டிலிருந்து அக்காவுக்குச் சாமை அரிசி எடுத்துக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார்.

"மாமா! என்னாச்சுங்க? உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"கிருமி மட்டும்தான்" என்றேன். இருமலுக்கு நடுவில் இதைச் சொல்ல எனக்கு மூச்சு இருந்தது.

அவர் என்னைத் தூரமாக இழுத்துப்போய்க் குழாயடியில் உட்கார வைத்துக் கண்ணைக் கழுவிவிட்டார். வெளியிலிருந்தே கம்பால் தட்டி இரண்டு ஜன்னலைத் திறந்தார். "உள்ள போனீங்கன்னா கால ஒடச்சுப்போடுவேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினார். இருமல் தணிந்துவிட்டது என்று நான்தான் மறுத்தேன். அதுவும் இன்னொரு முட்டாள்தனம்.

அப்போது போன் அடித்தது. மகள்.

"கெளம்பிட்டோமுங்கப்பா. ஊடு ரெடியா?"

"எல்லாம் ரெடி சாமி" என்றேன். மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு உள்ளே போனோம். நெடி குறைந்திருந்தது, போகவில்லை. மைத்துனர் நடு அறையில் கால் வைத்தார். பளக் என்றது. இணைப்பிலிருந்து தண்ணீர் கொப்பளித்து அவர் கட்டைவிரலை நனைத்தது. இன்னோர் அடி. இன்னொரு பளக். காணாமல் போன மூன்று குடமும் அங்கேதான் இருந்தன.

தரை போட்டுக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

"ஊத்துனீங்களா?" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"கொஞ்சமாத்தானுங்க."

"அடியில போன தண்ணி தானா வெளிய வராதுங்க. அப்படியே உட்டா ஒரு வாரத்துல பூசணம் புடிச்சு நாறும். சுவத்தோரத்துல இருந்து ஒவ்வொண்ணா எடுங்க. பின்னால நம்பர் போட்டுக்குங்க. சுள்ளுனு அடிக்கற வெயில்ல போடாதீங்க, நெளிஞ்சுரும்."

வெயிலுக்கு அன்றைக்கு நான் எங்கே போவேன். ஆனால் பூசணம் என்றாரே. அவளுக்கு எது ஆகாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாளோ, அதற்கு நான் விதை போட்டுத் தண்ணீரும் விட்டிருக்கிறேன், பலகையால் மூடியும் வைத்திருக்கிறேன். விவசாயி அல்லவா.

கழற்றினோம். கரித்துண்டால் நம்பர் போட்டோம். மிளகுக் களத்தில் பாதியில் காயப்போட்ட மிளகு கிடந்தது; மீதிப் பாதியில் பலகைகளைப் பரப்பி ஒவ்வொன்றையும் துடைத்தோம். பிழிந்த துணியால். "மிளகு ஒரு வாரம், தரை எத்தன நாளு காயோணும் மாப்ள?" என்று கேட்டுப் பார்த்தேன். மைத்துனர் அடுத்த பலகையை எடுத்துத் துடைத்தார். சிமெண்டுத் தரையில் தேங்கியதை மறுபடி மறுபடி துணியால் ஒற்றி எடுத்தேன். எடுக்க எடுக்க அந்த நெடி துணியில் வந்தது. அந்தச் சிமெண்டு இப்போது முன்னைவிடக் குளிர்ந்திருந்தது.

கார் மதியத்துக்கு மேல் வந்தது. மகள் முதலில் இறங்கினாள். களத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், வாசல் வரை போனவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"என்னங்கப்பா இது? ரெடின்னீங்க?"

சொன்னேன். குடம், பவுடர், ஆசிட், எதையும் விடவில்லை. வேடிக்கை கலக்காமல் நான் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மகள் என்னைத் திட்டவில்லை. என் சிவந்த கண்ணைப் பார்த்தாள், மாமனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்மாவ இதுல படுக்க வைக்க முடியாது மாமா. உங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

"அதான் கண்ணு சரி" என்றார் அவர்.

அவள் பின்சீட்டில் இருந்தாள். தலையில் துணி, முகத்தில் மாஸ்க், கண் மட்டும் வெளியே. கார்க் கண்ணாடி வழியாகத் திறந்த வாசலையும், உள்ளே தெரிந்த கட்டிலின் காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வளைவு வாந்தியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு வந்தது இதற்காக. இருந்ததே பத்து நாள். அதில் ஒன்றை நான் கழுவி விட்டுவிட்டேன். ஒன்றோடு நின்றால் என் அதிர்ஷ்டம்.

கண்ணாடி பாதி இறங்கியது. இப்போது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று என் வாய் பரபரத்தது.

"நீ காலு வெக்கறதுக்கு முன்னால தரையவே வெளிய தொரத்திட்டேன் பாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கை நீட்டி என் கண்ணோரத்தைத் தொடப்போனவள், என் சட்டையின் நெடி பட்டதும் இருமி, கையை இழுத்துக்கொண்டாள். மகள் வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.

நான் கூடவே நாலடி ஓடினேன். "கோவமா புள்ள?"

"கதவச் சாத்திப்போடாதீங்க, நாளைக்கு வாரேன்" என்றாள்.