மேல்வீட்டுச் சூடு

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜொம்ரே முதலில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தரை தன் வீட்டுத் தரையைவிடச் சில்லென்று இருந்தால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும். சூடாக இருந்துவிட்டால் போச்சு, கொடுக்கிற பார்லித் தேநீர்கூட அவளுக்குக் கசக்கும்.

கொரியாவில், வொன்ஜு நகரத்தில் எங்கள் பழைய கட்டடத்தில் மூன்றே வீடு. கீழே நான், நடுவில் ஜொம்ரே, உச்சியில் இன்சுக். வீட்டுக்கு வீடு தனிப் பாய்லர்; அது காய்ச்சுகிற வெந்நீர் தரைக்கடியில் குழாயில் ஓடிக் குளிருக்குத் தரையைச் சூடாக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தே ஒற்றை மகளை ஆளாக்கிய விதவை ஜொம்ரே. உழைப்பிலும் சுத்தத்திலும் அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பொறாமை மட்டும் பிறவிக்குணம். யாருடைய கிம்ச்சி ஊறுகாயையாவது நாம் புகழ்ந்தால், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று உடனே சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

அவளுடைய தீராத வயிற்றெரிச்சல் இன்சுக் வீட்டுத் தரை. குளிர்காலம் வந்தால் தெருப் பெண்கள் எல்லோரும் மதியம் அங்கேதான் கூடுவோம். சுட்ட சர்க்கரைவள்ளியும் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டும் நடுவில் கிடக்க, கால்களைப் போர்வைக்குள் நீட்டிக்கொண்டால் எழ மனசு வராது. இன்சுக் வேறு சும்மா இருக்க மாட்டாள்.

"நான் பாய்லரைத் தொடுறதே இல்லடி. என்னமோ, இந்த வீட்டோட ராசி அப்படி."

ஜொம்ரே சீட்டைத் தரையில் ஓங்கி அடிப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கூட்டம் ஒரு மதியமாவது தன் வீட்டில் உட்கார்ந்து, "அப்பாடா, என்ன சூடு!" என்று சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு முதல் பனி விழுமுன்பே அவள் போருக்குக் கிளம்பிவிட்டாள். மாமனார் திதிக்கு வாங்கி வைத்திருந்த ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் சுவராக நடந்தாள். புகை எங்கே கோணுகிறதோ அங்கே காற்று நுழைகிறது என்று அர்த்தம். ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சு நாடா. கண்ணாடிக்குத் தண்ணீர் தெளித்துக் குமிழித் தாள். கதவோரம் முழுக்கக் காகிதப் பட்டை. தொட்டிக்கு அடியில் குழாய் போகிற ஓட்டையில் பழைய துணி. வாசற்கதவில் பால் பாக்கெட் போடுகிற சந்தில் செத்துப்போன புருஷனின் கம்பளிக் காலுறை.

"திதிப் பத்தியை இப்படிப் பாழாக்குறியே, மாமனார் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"அவரும் குளிர்ல நடுங்கிச் செத்தவர்தான்க்கா. ஆசீர்வாதம் பண்ணுவாரு."

வீடு டப்பா மாதிரி அடைபட்டது. ஆனால் என்ன ஆயிற்று? அடுத்த வாரமே இன்சுக் வீட்டில் சீட்டுக் கலைத்தபடி ஒருத்தி சொன்னாள்:

"போன வருஷத்தை விட இந்த வருஷம் இங்க இன்னும் கதகதன்னு இருக்கே!"

ஜொம்ரேயின் வாயில் போன கிழங்கு அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் அவள் முள்ளங்கிக் கிம்ச்சி கொடுக்கிற சாக்கில் மேலே போனாள். மீன் வாடை அடிக்கிறது என்று தானாகவே ஊதுபத்தி கொளுத்தி, இன்சுக்கின் ஜன்னலோரம் நீட்டிப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் இறங்கி வந்தாள்.

"அக்கா, என் வீட்டுல புகை நூல் புடிச்ச மாதிரி நிக்குது. அவ வீட்டுல பேயாட்டம் ஆடுது! ஜன்னல் பூரா சந்து. ஒரு நாடா ஒட்டலை சோம்பேறி. அப்புறம் எப்படிக்கா அவளுக்கு மட்டும் சூடு?"

"உன் கண்ணு பட்டுத்தான் கொதிக்குதோ என்னமோ."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

தை மாதக் கடுங்குளிரில் மகளுக்குப் பூசான் நகரத்தில் பிரசவம் ஆனது. பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் வைத்துக் கொடுக்க ஜொம்ரே போனாள். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு எரிவாயு என்று பாய்லரை அடியோடு அணைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாம் நாள் மேலே சீட்டாடப் போனோம். தரை ஐஸ். இன்சுக் கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். ஜொம்ரேக்கு ஒரு நாளும் போன் போடாதவள், அன்று எங்கள் முன்னாலேயே போட்டாள்.

"ஜொம்ரே, கண்ணு, எப்படி இருக்கே? குழந்தை சுகமா? சரி... எப்ப வருவே? இல்லடி, உன்னைப் பார்க்காம வீடே வெறிச்சுன்னு இருக்கு."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதை. ஜொம்ரே அடைத்த ஒவ்வொரு சந்தும் சூட்டைப் பக்கவாட்டில் விடாமல் மேலே ஏற்றியிருக்கிறது. அவள் பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டு இன்சுக்கின் தரையைக் காய்ச்சியிருக்கிறாள்.

ஜொம்ரே ஒன்றும் முட்டாள் இல்லை. ஊர் திரும்பிப் பாய்லரைப் போட்டாள், மறுநாள் மதியம் மேலே வந்தாள், வழக்கம்போல உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். இன்சுக் போனில் குழைந்ததும், தான் நேற்றுப் போட்ட பாய்லரும் அவள் மனசில் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். பிறகு இன்சுக் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே போய் நின்றாள்.

"நகரு."

"ஏண்டி?"

"இது என் சூடு. வீட்டு ராசியாம் ராசி! இத்தனை வருஷமா என் நெருப்புல குளிர் காய்ஞ்சிட்டு என்கிட்டயே பெருமை அடிச்சியே, கூச்சமா இல்ல உனக்கு?"

இன்சுக் முகம் சிவந்து நகர்ந்தாள். ஜொம்ரே நடுநாயகமாக அமர்ந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. குளிர் தாங்காமல் ராப்பகலாகப் பாய்லரை எரிக்கிறவள் நான். என் வீட்டு ஜன்னல்கள் காற்றில் கடகடவென்று ஆடும். என் வீட்டை ஒருத்தியும் சூடு என்று சொன்னதில்லை.

"ஜொம்ரே, உன் தரைக்குக் கீழே யாரு குடியிருக்கா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இன்சுக்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஜொம்ரே மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். கணக்குப் போடுகிற பார்வை அது.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கையில் புகைகிற ஊதுபத்தியோடு ஜொம்ரே. அவளுக்குப் பின்னால், குமிழித் தாள் சுருளைக் கட்டிப்பிடித்தபடி இன்சுக்.

"அக்கா, உங்க வீட்டுல காத்து எங்கெங்க வருதுன்னு பார்க்கலாம்னு..." என்றாள் ஜொம்ரே, குனிந்து என் தரையைத் தொட்டபடி.

"தாராளமா பாருங்கடி. ஒட்டி முடிச்சதும் கிழங்கைச் சுடுங்க. இனிமே மதியம் இங்கதான்."