அத்தையின் ஆயில் நட்டு

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தபோது அத்தை காருக்கு அடியில் இருந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்த்தது அந்தப் பாதங்களைத்தான் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு நான் ஓடியாடிய நாள் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

அத்தை அப்பாவின் தங்கை. தெப்ராவில் எங்கள் வரிசை வீட்டில் அவளும் சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், நின்றுபோன இயந்திரங்களை ஓடவைப்பது அவள் வேலை. தன் சம்பளத்தில் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கி வைத்திருந்தாள். அதற்கு எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அவளே. பட்டறைக்கு அந்தக் கார் போய் நான் பார்த்ததில்லை.

அதுவரை வந்த இரண்டு வரன்களும் இந்தக் காரால்தான் தட்டிப் போயிருந்தன. ஒருவர், கல்யாணத்துக்குப் பிறகு இந்த நட்டு போல்ட்டு வேலையெல்லாம் வேண்டாம் என்றார். அத்தை காபித் தட்டை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை, காரைப் பார்த்துச் சிரித்தார். அதுவே போதுமானதாக இருந்தது. இந்த மூன்றாவது வரனையாவது அத்தை ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று வீடே கவலையில் கிடந்தது. எனக்கோ கல்யாணம் நடந்தே ஆக வேண்டும். பட்டுப் பாவாடை, மருதாணி, மண்டபத்தில் கேட்கும்போதெல்லாம் ஐஸ்கிரீம். என் கணக்கில் எல்லாம் முடிவாகியிருந்தது. அத்தை தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி.

மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்குப் பெக்கோக்கிலிருந்து வருவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால் அத்தை காரின் முன் சக்கரங்களைப் பலகைகள்மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுத் தொலையேன் லா."

"ஒரு மணி நேரம் அண்ணி. முடிச்சிட்டுக் குளிச்சிட்டு வந்துடுறேன்."

ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் நிற்கிற தொட்டி இருக்கும். அதன் அடியில் ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும், திரும்ப மாட்டிப் புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும். அன்று அந்த நட்டு அசையவில்லை. அத்தை ஸ்பேனரை மாட்டி இழுத்தாள், உதைத்தாள், துருவை இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்தாள், சுத்தியலால் தட்டினாள். நட்டு, வைத்தது வைத்தபடி இருந்தது.

நான் சமையலறைக்கும் கார் நிறுத்தும் முகப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா கேசரி கிளறிக்கொண்டே நிலவரம் கேட்பாள், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இன்னும் வரவில்லை. இப்போது அப்பா படுத்திருக்கிறார். அப்பாவின் கை வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்துவிட்டது. இப்போது சித்தப்பா போயிருக்கிறார். சித்தப்பா இழுத்த இழுப்பில் நட்டின் முனை மழுங்கிவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் அம்மா கரண்டியால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். நான் அப்படிக் குஷியாக இருந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மதியம் பண்டார் தெங்காராவிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து இறங்கினார்கள். பெரியப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரம் பூட்டும் பிட்டர். இயந்திரம் என்று வந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். வந்த சட்டையோடு காருக்கு அடியில் போனார், முக்கினார், முனகினார், வெளியே வந்தார்.

"எந்தப் புண்ணியவான் இத இப்படி முறுக்கி வச்சது?"

"வேற யாரு, உங்க தங்கச்சிதான்" என்றார் அப்பா. "அளவு தெரியாம முறுக்கிட்டு இப்ப எங்க உசுர வாங்குறா."

அத்தை கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். "நான் அளவாத்தான் டைட் பண்ணேன் அண்ணே" என்றாள். குரலில் எப்போதும் இருக்கும் வெடுக்கு இல்லை. தான் முறுக்கிய நட்டு தனக்கே வரவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அத்தையின் முகம் அப்படிச் சுருங்கியதை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

"அப்பாவும்தான் டைட் பண்ணாரு" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விடவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா அட்டையை விரித்துப் படுத்து, ஸ்பேனரால் முறுக்கியதையும், அத்தை வரும் சத்தம் கேட்டதும் செருப்பைத் தேடுவதுபோல நடித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பத்திரத்துக்கு ஒரு சுத்து. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஹைவேயில போறோம்ல."

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"கோவிச்சுக்காத அக்கா. உன் கார எடுத்துக்கிட்டுப் புட்சால் பந்து ஆடப் போறப்ப நானும் ஒரு சுத்து விட்டேன்."

பெரியப்பா அந்த நேரம் பார்த்துக் கூரையின் தகரத்தை ஆராயத் தொடங்கினார். பெரியம்மா விடுவாளா. "பொங்கலுக்கு இவங்கெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்தப்ப, டார்ச் அடிச்சிக்கிட்டு அந்தக் காருக்கு அடியில என்னமோ பண்ணீங்களே, அது என்னா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். விசாரித்ததில், பெரியப்பா பயன்படுத்தியது ஆலையிலிருந்து கொண்டுவந்த, என் கை நீளத்துக்கு இருக்கும் ஸ்பேனர் என்று தெரிந்தது. பொம்பளைக் கை மாட்டியதுதானே, எதற்கும் இருக்கட்டும் என்று ஆளாளுக்கு அடுத்தவருக்குத் தெரியாமல் ஒரு சுற்று சுற்றியிருக்கிறார்கள். எல்லாம் கூடப்பிறந்தவள்மேல் உள்ள பாசம்தான். மூன்று பேரின் பாசமும் சேர்ந்து அந்த நட்டைத் தொட்டியோடு ஒட்டவைத்திருந்தது.

சமையலறையில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இத கழட்டாம நான் பொடவ கட்ட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சாலையில் நெரிசல் இல்லையாம். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் பழத்தட்டோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். மறைக்க வழியில்லை. அப்பா எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

"வாங்க வாங்க. பொண்ணு உள்ள குளிச்சிட்டு இருக்கா."

"அண்ணே, அந்தச் சுத்தியல எடுங்க" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அம்மா பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் வைத்தார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். இந்த வரனும் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். ஐஸ்கிரீம் என் கண்ணெதிரே உருகியது.

மாப்பிள்ளை செகாமட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். மெலிந்த ஆள், வெளிர் மஞ்சள் சட்டை, கசங்காத கால்சட்டை. அவர் குனிந்து, பிறகு குந்தி உட்கார்ந்து, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"ஆயில் நட்டா?"

"ஆமா. சிக்கிக்கிச்சு."

"இப்பத்தானா?"

"காலையில இருந்து."

அவர்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பிறகு அவர், "நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று கேட்டார். அத்தை வெளியே வந்தாள். கன்னத்தில் கறுப்பு, தலையில் சிலந்திவலை. ஸ்பேனரை அவரிடம் கொடுத்தாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வில்லை வளைத்துப் பெண்ணை மணந்த கதையெல்லாம் வகுப்பில் கேட்டிருந்தேன். இப்போது எங்கள் வீட்டு முகப்பிலேயே நடக்கப்போகிறது. மூன்று பேர் தோற்ற இடத்தில் இவர் ஒரே இழுப்பில் கழற்றுவார், அத்தை வெட்கப்படுவாள், கல்யாணம். நான் அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அம்மா கரண்டியோடு வந்தாள்.

மாப்பிள்ளை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னொரு முறை இழுத்தார். பிறகு வெளியே வந்து, "வரல" என்றார்.

அவ்வளவுதான். கை வழுக்கியது என்றோ, ஸ்பேனர் சரியில்லை என்றோ சொல்லவில்லை. எனக்கு வந்த ஏமாற்றத்தை எப்படிச் சொல்வது. ஒரு சாக்காவது சொல்லக்கூடாதா இந்த ஆள் என்றிருந்தது.

அவர் அத்தையைப் பார்த்து, "நீங்க எப்படிச் செய்யலாம்னு இருந்தீங்க?" என்று கேட்டார்.

காலையிலிருந்து அந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்கவில்லை. ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி இழுத்தால் வரும் என்று அத்தை சொன்னாள். ஆனால் நட்டின் முனைகள் மழுங்கிவிட்டதால், இழுக்கும்போது வழுக்காமல் இருக்க யாராவது அடியில் படுத்து ஸ்பேனரை நட்டோடு அமுக்கிப் பிடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் குழாயை இழுக்க முன்னால் வந்தார்கள். அமுக்கிப் பிடிக்க ஒருவரும் வரவில்லை.

"நீங்க இழுங்க. நான் பிடிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அந்த மஞ்சள் சட்டையோடு அட்டைமேல் படுத்து உள்ளே நகர்ந்தார். அவருடைய அம்மா "அலமாக், சட்ட போச்சே" என்று வாயில் கை வைத்தார்.

அத்தை குழாயைப் பிடித்தாள். ஒரு காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து மெதுவாக, சீராக இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "பிடிச்சிருக்கேன், இழுங்க" என்றது அடியிலிருந்து குரல். அவள் இன்னும் இழுத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் வெளியே வந்து பார்த்தார். நட்டு சுழன்றது, கையாலேயே சுழன்றது, கறுப்பு எண்ணெய் குபுக்கென்று பாத்திரத்தில் பாதியும் மாப்பிள்ளையின் சட்டைக் கையில் மீதியுமாகக் கொட்டியது. சித்தப்பா கை தட்டினார். நான் குதித்த குதியில் பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டு ஓடியது.

எண்ணெய் வடிந்து முடிந்ததும் அத்தை புது வாஷர் போட்டு நட்டைக் கையால் திருகினாள். பிறகு ஸ்பேனரால் கொஞ்சம், அவ்வளவே. நிறுத்திவிட்டாள். மூன்று அண்ணன் தம்பிகளும் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன. கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க தம்பி. எதுக்கும் ஒரு சுத்து சுத்திடுங்க."

மாப்பிள்ளை ஸ்பேனரை வாங்கினார். "அவங்கதான் டைட் பண்ணிட்டாங்களே. போதும்" என்று சொல்லி அதை அத்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புதிய எண்ணெயை ஊற்றத் தொடங்கினாள்.

எனக்கு அந்த ஆள்மேல் இருந்த மிச்சசொச்ச மரியாதையும் போய்விட்டது. கழற்றவும் முடியவில்லை, மாட்டவும் சோம்பல். சமையலறைக்குள் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அத்தை குளித்துப் புடவை கட்டி வந்து எல்லோருக்கும் காபி கொடுத்தபோது, அவர் சித்தப்பாவின் பழைய டி-சட்டையில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை மாதிரியே இல்லை. அம்மா அத்தையை உள்ளே இழுத்து, பயந்துகொண்டே, "என்னா சொல்ற?" என்று கேட்டாள்.

"சரின்னு சொல்லிடுங்க அண்ணி" என்றாள் அத்தை. நகங்களில் கறுப்பு இன்னும் போகவில்லை.

அம்மா அழுதாள். பெரியப்பாவும் கண்ணைத் துடைத்ததாகப் பெரியம்மா சொன்னாள். நான் மட்டும் குழம்பிப்போய் நின்றேன். ஒரு நட்டைக் கழற்றத் தெரியாதவரைப் போய் அத்தை ஏன் பிடிக்கிறது என்றாள்? அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்து யோசித்து விடையைக் கண்டுபிடித்துவிட்டேன். நம்மால் அவருடைய புதுச் சட்டை பாழாகிவிட்டதே என்ற பரிதாபம். அந்தப் பரிதாபத்தில்தான் அத்தை கல்யாணத்துக்குச் சம்மதித்தாள் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.