விரல் இருந்த இடம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி நான். பயிற்சியில் சொன்னது இதுதான்: இடது கால் முன்னால், முழங்கால் லேசாக மடங்கி, உடம்பு முன்சாய்ந்து, துப்பாக்கியின் பின்கட்டை தோளில் அழுந்தி நிற்கவேண்டும். சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கவேண்டும். நிற்கும் விதத்தை மட்டும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கண்ணாடி முன் தினமும் பழகினேன்.

அன்று மாலை நல்ல மழை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் ஓடிவந்தார். இங்கே நகைக்கடைக்குள் ஹெல்மெட்டோடு நுழைகிறவன் கொள்ளைக்காரன்தான். அவர் கை மழைக்கோட்டுக்குள் போனது. என் கால்கள் தாமாகவே நிலைகொண்டன. துப்பாக்கி அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"அண்ணே, சுடாதீங்கண்ணே! ஹெல்மெட் பக்கிள் ஸ்டக் ஆயிடுச்சு, கழட்ட முடியல. நாளைக்கு எனக்குக் கல்யாணம், தாலி எடுக்க வந்தேன்!"

கோட்டுக்குள்ளிருந்து ரசீதை எடுத்து நீட்டினார்.

துப்பாக்கியைத் தாழ்த்தும்போதுதான் பார்த்தேன். என் விரல் ட்ரிகர்மேல் இருந்தது.

கேமராப் பதிவை முதலாளி எல்லோருக்கும் காட்டினார். "எப்படி நிக்கிறாரு பாருங்க, சூப்பர் லா!" விரல் மட்டும் அதில் தெரியவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மாப்பிள்ளை மனைவியோடு வந்தார். "இவருதான். வேற ஆளா இருந்தா அன்னிக்கே சுட்டிருப்பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு லட்டை நீட்டினார்.

இடது கையால் வாங்கக் கூடாதே. ட்ரிகர்மேல் விரல் இருந்த அந்த வலது கையைத்தான் நீட்டினேன்.