ஃப்ரீசரில் வைத்த மருந்து

என் அக்கா புருஷனைக் கடையில் எல்லோரும் 'இடி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பல் மிஞ்சியிருக்காது. எங்கள் இறைச்சிக் கடையில் பெரிய வெட்டுக்கத்தி அவர் கையில். தொடை எலும்பை ஒரே போடில் இரண்டாக்குவார். கோபம் வந்தால் கத்தியை வெட்டுக்கட்டையில் குத்தி வைத்துவிட்டு வெறுங்கையால் அடிப்பார். அதைத் தன் பெருந்தன்மை என்று வேறு சொல்லிக்கொள்வார். அவருக்கு அடுத்த கட்டையில் நின்று வெட்டுகிறவன் நான். பத்தடி தள்ளி நின்றால்கூட அவர் கை நீளும் என்று எனக்குத் தெரியும்.

சர்க்கரை வியாதி அவருக்கு வெகுகாலமாக உண்டு. ஒரு நாள் காலையில் பாதி ஆட்டைத் தோளில் தூக்கி வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி துளியும் இல்லை. சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்வை மட்டும்தான். மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் சிலருக்கு வலிகூடத் தெரியாதாம். அடைத்திருந்த இதயக் குழாயைத் திறந்து, மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை உள்ளே வைத்தார்கள். மாத்திரைக்கு அடங்காத சர்க்கரைக்கு இன்சுலினும் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார். "அடைப்பைத் திறந்து விட்டிருக்கோம், அவ்வளவுதான். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு, அதுவும் இன்சுலின் வரைக்கும் வந்தவங்களுக்கு, ஸ்டென்ட்டுக்குள்ள சதை வளர்ந்து மறுபடி அடைக்கிற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம். மாத்திரையை நிறுத்தாதீங்க. சர்க்கரையை ஏற விடாதீங்க."

மாமாவுக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. சிகரெட்டை விட்டார். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. ஊசி மட்டும் அக்காவின் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் கத்தி பிடித்த மனுஷனுக்கு அந்தப் பொடி ஊசியைப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சட்டையைத் தூக்குவார்.

மருந்தை வீட்டில் வைக்கவும் அவர் விடவில்லை.

"இதெல்லாம் ஒரு ஃப்ரிட்ஜா? கதவு இருக்கிற அலமாரி. மருந்து கெட்டுப்போனா போறது என் உயிருடி" என்று மொத்தப் பெட்டியையும் கடைக்குத் தூக்கி வந்தார். ஃப்ரீசர் அறையில், தொங்கும் இறைச்சிக்கு மேல் தட்டில், துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தார். கடையில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. ஒன்று கெடக்கூடாது என்றால் அதைக் கல்லாக உறைய வைப்பதுதான் எங்கள் தொழில். ஒரு குப்பி தீர்ந்ததும் இன்னொன்றை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி உருக வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இன்சுலின் ஒரு முறை உறைந்தால் அதோடு செத்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அக்கா நேரம் தவறாமல் அந்தச் செத்த மருந்தைக் குத்தினாள். சர்க்கரை ஏறியது. சோற்றைக் குறைத்தாள். அப்போதும் ஏறியது. ஒவ்வொரு முறை சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண் தெரிந்ததும் மாமாவின் கையும் ஓங்கியது.

"பாதி மருந்தைக் கீழ ஊத்திட்டுக் குத்துறியா? நான் செத்தா உனக்கு நிம்மதி, அதானே?"

"முழுசாத்தாங்க போடுறேன். மருந்துல என்னமோ மிதக்குது, நீங்களே பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. அறைந்தார். அடுத்த முறை மீட்டரைச் சுவரில் அடித்து நொறுக்கினார். புது மீட்டரும் அதையே காட்டியபோது அக்காவின் கூந்தலைப் பிடித்து, தலையை அதே சுவரில் மோதினார். நெற்றியில் வீக்கத்தோடு வந்து, கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள் என்னிடம். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு கதவு. எந்தக் கதவு இப்படித் தேடி வந்து இடிக்கிறது என்று கேட்டேன். "பயத்துல அடிக்கிறாருடா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் இறைச்சிப் பொட்டலம் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அக்காவின் அலறல் கேட்டது. சமையலறையில் அவளுடைய வலது கையை மேடைமேல் அழுத்தி முறுக்கிக்கொண்டிருந்தார் மாமா. ஊசி இன்னும் அவள் விரலிடுக்கில் இருந்தது.

"உண்மையைச் சொல்லுடி! என்னத்தை ஏத்துற எனக்கு?"

படக்கென்று ஒரு சத்தம். எலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரியும், தினமும் கேட்பது. நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன். அவர் என் கழுத்தைப் பிடித்தார். இருவரும் பாத்திர அடுக்கின்மேல் விழுந்தோம். அவருடைய மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் கொட்டியது, ரத்தம் கட்டாமல் இருக்க அவர் தின்னும் மாத்திரை அப்படி. கொன்றுவிட வேண்டும் என்றுதான் அடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். திடீரென்று என் கழுத்தைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. உடம்பெல்லாம் வியர்வை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"வண்டியைக் கூப்பிடுடா" என்று கத்தியவள் அக்காதான், உடைந்த கையை மாரோடு அணைத்துக்கொண்டு.

அதே ஸ்டென்ட்தான் மறுபடி அடைத்திருந்தது. திறந்து இன்னொன்று வைத்தார்கள். மாமா கண் விழித்ததும், எகிறிக் கிடந்த சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள் என்பது. மாமா அந்த நிலையிலும் பெருமையாகச் சொன்னார். "கடை ஃப்ரீசர்லம்மா. கல்லு மாதிரி இருக்கும், கெடவே கெடாது."

டாக்டரம்மா சொன்னார். "உறைஞ்ச இன்சுலின் வேலை செய்யாதுங்க. உங்களுக்கு எப்படியும் மறுபடி அடைக்கிற ஆபத்து இருந்தது, இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இத்தனை நாளும் நீங்க மருந்தே போடாத மாதிரிதான் இருந்திருக்கீங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். முழங்கை வரை மாவுக்கட்டு. அவருடைய முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று தெரிந்தது. அது வெட்கம் என்றால், ரொம்பத் தாமதம்.

நர்ஸ் புதுக் குப்பியிலிருந்து மருந்தை அளந்து எடுத்த ஊசியை நீட்டி, "இனிமே யார் போடப்போறீங்க? ஒரு தடவை என் முன்னாடி போட்டுக் காட்டுங்க" என்றார்.

மாமா பழக்கதோஷத்தில் சட்டையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். "அவதான் போடுவா" என்றார், மெதுவாக.

"நான் ஊசி போடுற கை இதுதாங்க" என்று அக்கா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். குரலில் கோபமே இல்லை. "இதை நீங்க ஒடிச்சுட்டீங்க. கண்ணைத் திறந்து நீங்களே போட்டுக்குங்க."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாடா, உன் வீட்டுக்குப் போகலாம்."

வார்டு வாசலில் நான் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். மாமா கண்ணைத் திறந்திருந்தார். தொடை எலும்பை ஒரே போடில் பிளக்கும் அந்தக் கை, ஊசியோடு வயிற்றுக்கு அருகே வந்து அங்கேயே நின்றிருந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.